கொடையின் உச்சிப் படி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி புகுந்த கடற்கரைகளில் தமிழகத்தின் உப்பள ஊரான மரக்காணமும் ஒன்று. படகும் வலையும் இழந்த மீனவர்களைத் தேடி உதவி வந்தது. வரத்தான் வேண்டும். ஆனால் இழப்பைக் காட்டப் படகோ பட்டாவோ இல்லாத தலித்துகள், இருளர்கள், அன்றாடக் கூலிகள் எனப் பலர் தமிழகக் கடலோரம் நெடுகிலும் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். உப்பளத் தொழிலாளியும் அந்த வரிசையில்தான். பாத்தியில் உப்பு வாரினால்தான் அவருக்குக் கூலி.

யாருக்கு, எப்படிக் கொடுப்பது? 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடிஸ் இதைத் தீர யோசித்தவர். யூதச் சட்டங்களைத் தொகுத்தபோது ஈகையை எட்டுப் படிகளாக அடுக்கினார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமலிருப்பது உச்சிக்கு அடுத்தது. கடனோ வேலையோ கூட்டுத் தொழிலோ தந்து, ஒருவர் இனிக் கையேந்தாதபடி நிமிர்த்துவதே உச்சிப் படி. அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கச் சொல்லும் மரபு அவருடையது. அங்கே ஈகை கடமை.

அந்தக் கடமை ஓர் அமைப்பாக உருவெடுத்த கதை 1914 ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தாவ் நியூயார்க்குக்கு ஒரு தந்தி அடித்தார். போரால் பிழைப்பு அறுந்த பாலஸ்தீன யூதர்களுக்கு 50,000 டாலர் வேண்டும் என்றார். பணம் சேர்ந்தது. அந்த ஆண்டே ‘ஜாயின்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் யூத நிவாரணக் குழு பிறந்தது. முதலில் சோறும் மருந்தும் கொடுத்தார்கள். 1924இல் இன்னொரு யூத அமைப்போடு சேர்ந்து தனி நிதி நிறுவனமே தொடங்கி, கிழக்கு ஐரோப்பாவின் கைவினைஞர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே கடன் கொடுத்தார்கள். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கடன் சங்கங்களைத்தான். கஞ்சித் தொட்டியைப் படம் பிடிக்கலாம். கடன் பேரேட்டைப் பிடித்து யாருக்குக் காட்டுவது?

இதெல்லாம் பெரும்பாலும் தம்மவருக்கே செய்த தொண்டு. யூதர் அல்லாதவருக்கும் உதவ, 1985இல் பாஸ்டனில் ‘அமெரிக்கன் ஜூயிஷ் வேர்ல்டு சர்வீஸ்’ தொடங்கியது. வளரும் நாடுகளுக்குத் தன்னார்வலர்களையும் அனுப்பியது.

சுனாமி வந்தபோது அயல்நாட்டு அரசுகளின் உதவி தேவையில்லை என்றது இந்தியா. இஸ்ரேல் அனுப்பவிருந்த 150 பேர் ராணுவக் குழுவை இலங்கை ஏற்கவில்லை. நிவாரணப் பொருள்களை ஏற்றது. தொண்டு நிறுவனங்களுக்கு வழி இருந்தது. மேலே சொன்ன இரு அமைப்புகளும் இந்தியாவிலும் இலங்கையிலும் உதவின. ‘வேர்ல்டு சர்வீஸ்’ தன் பெயரில் முகாம் போடுவதைவிட உள்ளூர் அமைப்புகளுக்கு நிதி தருவதையே வழியாகக் கொண்டது. அதுவே சரி என்பேன். பட்டியலில் விடுபட்டது யார் என்பது தொலைவில் இருக்கும் தலைமையகத்துக்குத் தெரியாது. அந்தத் தெருவில் இருப்பவருக்குத் தெரியும்.

மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும், கூலி நின்றுபோகும். அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. நல்ல தொடக்கம். மைமோனிடிஸ் சொன்ன உச்சிப் படிக்கு மழைக்காலத்தில் மாற்று வேலையும், வட்டிக்காரரிடம் போக வைக்காத கடனும் வேண்டும்.

(தொடரும்)