ரத்தக்கட்டியைக் காத்த மருந்து: இரைப்பைப் புண் கசிவில் அமிலத் தடுப்பின் வரலாறு

இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசியும் நோயாளி ரத்த வாந்தியோடோ, தார் போல் கறுத்த மலத்தோடோ மருத்துவமனைக்கு வருகிறார். உள்ளே, புண் அரித்த இடத்தில் ஒரு தமனி வாய் திறந்திருக்கும். அதை அடைக்க உடல் ரத்தக்கட்டி ஒன்றை உண்டாக்குகிறது. கையில் பட்ட வெட்டுக்காயத்தின் கட்டிக்கு இல்லாத ஆபத்து இந்தக் கட்டிக்கு உண்டு. அது அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. அமிலம் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. அமிலத்தில் மட்டுமே வீரியம் கொள்ளும் பெப்சினுக்கோ, ரத்தக்கட்டியும் இறைச்சியைப் போலச் செரிக்கத்தக்க புரதம்தான்.

எனவே அமிலத் தடுப்பு மருந்தை நோக்கி இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது புண்ணை ஆற்றுமா? அது ரத்தக்கட்டியைக் காக்குமா? முதல் கேள்விக்குப் பல வாரங்களில் விடை கிடைக்கும். இரண்டாவதற்கு மூன்று நாள் போதும். இரண்டையும் பிரித்துப் பார்க்காததே இச்சிகிச்சை நிலைபெறக் காலம் பிடித்ததற்கு முதன்மைக் காரணம் என்பது என் வாதம்.

அமிலம் இல்லையேல் புண் இல்லை என்ற கருத்தை 1910இல் கார்ல் ஷ்வார்ஸ் முன்வைத்தார். 1915இல் சிகாகோவின் பெர்ட்ராம் சிப்பி, மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே காரப்பொடியும் கொடுக்கும் முறையை வகுத்தார். ஆனால் ரத்தம் கசிபவரைப் பட்டினி போடுவதே அன்றைய வழக்கம். 1930களில் கோபன்ஹேகனின் எய்னர் மொய்லன்க்ராக்ட் அந்த வழக்கத்தை உடைத்து, கசிவு கண்ட முதல் நாளிலிருந்தே நோயாளிகளுக்குத் தாராளமாக உணவு கொடுத்தார்; அவரிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. உணவு அமிலத்தைத் தணிக்கும் என்பதை நினைத்தால், ரத்தக்கட்டியைக் காக்கும் முயற்சியின் தொடக்கத்தை இங்கேயே காணலாம் எனத் தோன்றுகிறது. மற்றபடி, நிற்காத கசிவுக்கு அறுவையே வழி.

மருந்தால் அமிலத்தை அடக்கும் காலம் ஜேம்ஸ் பிளாக்கோடு தொடங்குகிறது. ஹிஸ்டமின் அமிலச் சுரப்பைத் தூண்டும் என்பது முன்பே தெரியும். ஆனால் ஒவ்வாமைக்குத் தரும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் இரைப்பையில் பலிக்கவில்லை. அங்கே இருப்பது வேறு வகை ஏற்பி என்று பிளாக் கருதினார். இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டி ஆய்வகத்தில் அவருடைய குழு அதை மெய்ப்பித்து 1972இல் வெளியிட்டது. அந்த ஏற்பியைத் தடுக்க அடுத்து வந்த மெட்டியமைடு சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்டது. 1976இல் அதே வகையான சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. புண்கள் ஆறின, அறுவைகள் குறைந்தன, 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கசியும் புண்ணில் மட்டும் இந்த வெற்றி தொடரவில்லை. 1985இல் காலின்ஸும் லாங்மனும் இவ்வகை மருந்துகளின் 27 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது கிடைத்த பலன் மெலிதாகவும் ஐயத்துக்கு இடமாகவும் இருந்தது. இதற்கிடையே ஸ்வீடனில், கோதன்பர்க் அருகே மோல்ண்டாலில் உள்ள ஹெஸ்லே ஆய்வகத்தில் 1979இல் ஓமெப்ரசோல் பிறந்தது. 1988இல் விற்பனைக்கு வந்தது. தூண்டுதல் எந்த வழியில் வந்தாலும், அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்பையே அது பூட்டிவிடும்.

1992இல் இரண்டு பெரிய சோதனைகள் வெளியாயின. இரண்டும் ஏமாற்றம் தந்தன. நாட்டிங்ஹாமில் மேற்குடல் ரத்தக்கசிவோடு அடுத்தடுத்து வந்த 1147 பேரிடம் ஓமெப்ரசோலைச் சோதித்தார்கள். மறுகசிவிலும் அறுவையிலும் இறப்பிலும் வேறுபாடு இல்லை. மற்றொன்றில், எண்டோஸ்கோப்பியில் கசிவின் தடயம் தெரிந்த 1005 பேரிடம் சிமெடிடின் வகையைச் சேர்ந்த ஃபமோடிடினைத் தொடர் சொட்டாகச் செலுத்தினார்கள். அதிலும் பலன் இல்லை.

இரண்டையும் தோல்வி என்று ஒரே கணக்கில் எழுதுவது பிழை. நாட்டிங்ஹாமில் மருந்து சரி, ஆட்கள் சரியில்லை. இத்தகைய கசிவு பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே நின்றுவிடும். அவர்களின் கூட்டத்தில், உண்மையில் ஆபத்தில் இருந்த சிலருக்குக் கிடைத்த பலன் கரைந்துபோயிருக்கலாம். மற்றதில் ஆட்கள் சரி, மருந்து போதவில்லை. ஃபமோடிடின் வகை மருந்துக்கு உடல் ஓரிரு நாளிலேயே பழகிக்கொள்ளும். கட்டி நிலைக்கத் தேவையான, பி.எச். 6க்கு மேற்பட்ட நிலையை அது தக்கவைக்காது. நாட்டிங்ஹாம் முடிவுகளுக்குள்ளேயே ஒரு துப்பும் இருந்தது. எண்டோஸ்கோப்பியில் ரத்தக்கசிவின் அடையாளம் தெரிந்தவர்கள் வெற்று மருந்துக் குழுவில் 45 விழுக்காடு. ஓமெப்ரசோல் குழுவில் 33.

அந்தத் துப்பைப் பயனுள்ளதாக்கிய சோதனை ஸ்ரீநகரிலிருந்து வந்தது. எண்டோஸ்கோப்பி வழியே கசிவை நிறுத்தும் சிகிச்சை எதுவும் இல்லாமல், குரூவும் உடனாய்வாளர்களும் கசிவின் அடையாளம் தெரிந்த 220 பேரை மட்டும் தேர்ந்து, பாதிப் பேருக்கு 12 மணிக்கொரு முறை 40 மில்லிகிராம் ஓமெப்ரசோலை ஐந்து நாள் வாய்வழி கொடுத்தார்கள். 1997இல் வெளியான முடிவு: கசிவு நிற்காதவர்களும் மீண்டும் கசிந்தவர்களும் ஓமெப்ரசோல் குழுவில் 12 பேர், வெற்று மருந்துக் குழுவில் 40 பேர். அறுவை தேவைப்பட்டவர்கள் 8, எதிரில் 26. பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவு: ரத்தக்கட்டி ஒட்டியிருந்தவர்களுக்கும், கசியாத ரத்தக்குழாய் முனை தெரிந்தவர்களுக்கும் பெரும்பலன், அப்போதும் பீய்ச்சியோ ஊறியோ கசிந்துகொண்டிருந்தவர்களுக்கு ஐயத்துக்கிடமற்ற பலன் இல்லை. கட்டி இருந்தால்தானே காக்க முடியும்! இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த தாள் இதுதான்.

அப்படியானால் ஓடும் ரத்தத்தை முதலில் கருவியால் நிறுத்தி, பிறகு மருந்தைக் கொடுத்தால்? ஹாங்காங்கில் ஜேம்ஸ் லாவ் குழு அதைச் செய்தது. அட்ரினலின் ஊசியாலும் வெப்பத்தாலும் கசிவை அடைத்த 240 பேரில் பாதிப் பேருக்கு, 80 மில்லிகிராம் ஓமெப்ரசோல் ஊசியும் தொடர்ந்து மணிக்கு 8 மில்லிகிராம் வீதம் 72 மணி நேரச் சொட்டும் கொடுத்தார்கள். 30 நாளுக்குள் மறுகசிவு 8 பேருக்கு. வெற்று மருந்தில் 27 பேருக்கு. 2000இல் வெளியான இந்தச் சோதனையே உலகெங்கும் நடைமுறையை மாற்றியது. பெரும்பாலான மறுகசிவு முதல் மூன்று நாளில் நேர்வதால் 72 மணி நேரம் என்ற அளவு நிலைத்தது.

சொட்டாகவேதான் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எஞ்சியது. சொட்டுக்குப் பம்பும் செவிலியரின் கவனிப்பும் வேண்டும். சிறிய மருத்துவமனைகளுக்கு அது பாரம். 2014இல் வெளியான தொகுப்பாய்வு, இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறை சொட்டுக்குக் குறைந்ததல்ல என்று கண்டது. 2021ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல், கருவிச் சிகிச்சைக்குப் பின் மூன்று நாள் உயர் அளவைச் சொட்டாகவோ இடைவெளி விட்டோ கொடுக்கலாம் என்கிறது. அதன்பின் இரண்டாம் வாரம் முடியும்வரை நாளுக்கு இருவேளை மருந்து. ஸ்ரீநகர் நோயாளிகள் விழுங்கியதும் இருவேளை மருந்துதான்.