கடலுக்கடியில் கெடாமல் கிடந்த மதியச் சாப்பாடு

நம்ம ஊரில் மதியம் வடித்த சோறு ராத்திரிக்குள் ஊசிப்போய்விடும். ஆனால் பத்து மாதம் கடலடியில் ஊறிய ஒரு சாப்பாடு கெடவில்லை என்றால் நம்புவீர்களா? கடல் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடங்களின் போக்கையே மாற்றிய கதை இது.

1968 அக்டோபர் 16. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் ஆல்வின் என்ற குட்டி நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும்போது வடம் அறுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பிவிட்டார்கள். ஆல்வின் மட்டும் மூடி திறந்தபடியே சுமார் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. 1969-இல் அதைத் தூக்கியபோது உள்ளே சாண்ட்விச், ஆப்பிள், தெர்மாஸில் சூப். நனைந்திருந்தனவே தவிர, அழுகவில்லை!

அங்கே பணியாற்றிய ஹோல்கர் யானாஷுக்கு ஒரு சந்தேகம். குளிர்தான் காரணமோ? சாப்பாட்டை ஆய்வுக்கூடத்தில் 3 டிகிரி குளிரில் வைத்தார்கள். சில வாரங்களில் கெட்டுவிட்டது. அப்படியானால் குளிர் மட்டும் காரணமில்லை. அந்த ஆழத்தில் சுமார் 150 மடங்கு காற்றழுத்தம் இருக்கிறதே!

அழுத்தத்தைப் பற்றிய ஆய்வு புதிதல்ல. ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் குளோட் ஸோபெல் முன்பே எஃகுக் கலன்களில் பாக்டீரியாவை அடைத்து, அழுத்தம் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர். யானாஷ் குழு உணவுப் பொருள் நிரப்பிய புட்டிகளைக் கடலடியிலேயே மாதக்கணக்கில் வைத்தது. ஆய்வுக்கூடத்தில் அதே குளிரில் வைத்தவற்றைவிட அங்கே சிதைவு 10 முதல் 100 மடங்கு மெதுவாக நடந்தது. 1971-இல் முடிவுகள் வெளியாயின. அடுத்த சிக்கல், மாதிரி நீரை மேலே கொண்டுவரும்போதே அழுத்தம் குறைந்துவிடும் என்பது. அதற்காக, அழுத்தம் குறையாமல் நீரை எடுத்துவந்து அப்படியே நுண்ணுயிர் வளர்க்கும் கலன்களை உருவாக்கினார்கள்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? குப்பையை ஆழ்கடலில் கொட்டினால் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும் என்ற நினைப்பு அப்போது இருந்தது. ஊறிப்போன அந்த சாண்ட்விச் அதைப் பொய்யாக்கியது. கொட்டியது அங்கேயே கிடக்கும்!

அதற்காக ஆழ்கடலில் உயிரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1977-இல் அதே ஆல்வின் காலாபகோஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. அங்கே சூரிய ஒளியே இல்லாமல், ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்கள் ஓர் உலகத்தையே வாழவைத்துக் கொண்டிருந்தன. 1979-இல் அழுத்தத்தை விரும்பி வளரும் பாக்டீரியாவையும் ஸ்கிரிப்ஸில் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

அடுத்த முறை டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஆல்வினை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மறைவாகக் கொட்டினால் குப்பை ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.