லேசர் பின்னூட்டக் குறுக்கீட்டுமானி

பொருளின் மீது பட்டுத் திரும்பும் லேசர் ஒளியை, புறப்பட்ட லேசருக்குள்ளேயே நுழையவிட்டு, அதனால் உள்ளே ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு அப்பொருளின் அசைவை அளக்கும் கருவி.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் கைதேர்ந்த மெக்கானிக், ஓடும் மோட்டாரின் பேரிங் மேல் ஸ்குரூடிரைவர் நுனியை ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். கரகரத்தால் பேரிங் போயிற்று. இக்கருவியும் கிட்டத்தட்ட அதையே தொடாமல் செய்கிறது. இங்கே விளக்கும் லேசர்தான், காதும் லேசர்தான்.

1963-இல் கிங், ஸ்டீவர்ட் என்ற இருவர் ‘நியூ சயன்டிஸ்ட்’ இதழில் இதை முதலில் எழுதினார்கள். ஹீலியம்-நியான் லேசருக்கு வெளியே வைத்த கண்ணாடியை நகர்த்தினால், லேசரின் வெளிச்சமே கூடிக் குறைந்தது. கண்ணாடி அரை அலைநீளம் நகர்ந்தால் ஓர் ஏற்ற இறக்கம். சிவப்பு ஒளிக்கு அது சுமார் 316 நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் அளவு நகர்ந்தால் 200-க்கு மேல் எண்ணலாம். 1968-இல் ரட் என்பவர் இதே வழியில் வேகத்தை அளந்தார்.

பிறகு வந்த குறைக்கடத்தி லேசர்களில் திரும்பி வரும் ஒளி பெருந்தொல்லை. ஒளியிழைத் தகவல்தொடர்பில் இரைச்சலைக் கிளப்பிற்று. அதை ஆராய 1980-இல் லாங், கோபயாஷி என்ற இருவர் எழுதிய சமன்பாடுகளே இக்கருவிக்குக் கணித அடித்தளமாயின. வேடிக்கைதான். பொருள் முன்னே வருகிறதா, பின்னே போகிறதா என்ற சிக்கலும் தீர்ந்தது. திரும்பும் ஒளி சற்று வலுத்தால் சிக்னல் ரம்பப்பல்போல் ஒரு பக்கம் சாயும். சாயும் பக்கம் திசையைச் சொல்லிவிடும். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் டொனாட்டி குழு 1995-இல் இதைச் செம்மையாகக் காட்டியது. லேசர் டயோடின் டப்பிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒளியுணரியே சிக்னலைப் பிடித்துவிடுவதால் தனி லென்ஸ் வரிசை, கண்ணாடிகள் வேண்டாம். ஃபிலிப்ஸ் இதைக் கணினி மவுஸுக்குள்ளேயே அடக்கியது.

கடலோரத் துருவேறிய இரும்பு இதற்குச் சோதனை. சொரசொரப்பான பரப்பில் பட்ட லேசர் புள்ளிபுள்ளியாய்ச் சிதறும். கரும்புள்ளி திரும்பினால் சிக்னல் செத்துவிடும். இந்தப் புள்ளிக்கோலத்தையே அளவுகோலாக்கும் தனித்துறை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் அதில் பெயர் பெற்றவர் ஆர்.எஸ். சிரோஹி, பின்னாளில் டெல்லி ஐ.ஐ.டி.யின் இயக்குநரானார். குறுக்கீட்டுமானிக்காரருக்கோ கைமருந்து எளிது: லேசரை ஒரு மயிரிழை தள்ளிப் பிடிப்பார், அல்லது பளபளக்கும் டேப் ஒரு துண்டு ஒட்டுவார்.