வாடகை வீடும் சொந்த வீடும்: மதீனாவிலிருந்து திருப்பூர் வரை

நிக்காஹ் முடிந்து சில மாதங்களிலேயே புதுமணத் தம்பதியரை நோக்கி அக்கேள்வி எழுகிறது: "இன்னும் எத்தனை நாள் வாடகை வீடு?" பனியன் தொழிலை நம்பித் திருப்பூரில் குடியேறிய நம் குடும்பங்களில் அது சற்று உரக்கவே ஒலிக்கிறது. விடை சொல்லுமுன் நம் முன்னோர் குடியமர்ந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம்.

முஹாஜிர்கள் மக்காவில் இருந்த வீடுவாசலைத் துறந்து கி.பி. 622-இல் மதீனா வந்தனர். பள்ளிவாசலும் அதையொட்டிய அறைகளும் எழும்வரை, ஏறத்தாழ ஏழு மாதங்கள், நபி (ஸல்) அவர்கள் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்திலேயே தங்கினார்கள்.

அலீ (ரலி) அவர்கள் தம் போர்க்கவசத்தை விற்று மஹர் கொடுத்து ஃபாத்திமா (ரலி) அவர்களை மணந்தார்கள். அத்தம்பதியருக்குக் கிடைத்த முதல் வீடு நபியவர்களின் இல்லத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருந்தது என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். மகளை அருகில் அழைத்துக்கொள்ளத் தந்தைக்கு விருப்பம்; ஆயினும் முன்னரே பலமுறை வீடு விட்டுக்கொடுத்த ஹாரிஸா பின் நுஃமான் (ரலி) அவர்களிடம் மீண்டும் கேட்க நபியவர்கள் வெட்கப்பட்டார்கள். செய்தியறிந்த ஹாரிஸா, கேட்கப்படாமலேயே தம் வீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள்.

திருப்பூரும் வந்து சேர்ந்தவர்களின் ஊரே. 1920-களில் இங்கு பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் குலாம் காதர் என்னும் முஸ்லிமின் பெயர் முதன்மையாகக் குறிப்பிடப்படுகிறது. 1970-களின் இறுதியில் தொடங்கிய ஏற்றுமதி, ஊரைப் பன்மடங்கு பெருக்கியது. லைன் வீடுகள் பெருகின, மனை விலையும் ஏறியது. ஆனால் தொழில் என்றும் ஒரே சீராக ஓடவில்லை. நொய்யல் ஆறு மாசுபட்டதன் காரணமாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. இத்தகைய காலங்களில் வாடகைக்கு இருப்பவர் சிறிய வீட்டுக்கு மாறலாம், சொந்த ஊர் திரும்பலாம். வங்கித் தவணையோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

நமக்கு அதனினும் பெரிய கவலை வட்டி. இந்தியாவில் வட்டியில்லா வங்கிமுறைக்கான முன்மொழிவை மேற்கொண்டு பரிசீலிப்பதில்லை என ரிசர்வ் வங்கி 2017-இல் முடிவு செய்தது. போக்கியத்திற்கு வீடு எடுப்பதையும் வட்டியற்றது என எளிதில் கருதிவிட இயலாது. கொடுத்த தொகை முழுதும் திரும்ப வரும் நிலையில், வாடகையின்றிக் குடியிருப்பது கடனால் பெறும் ஆதாயமாகிறது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து.

இவ்வாறு கூறுவதால் சொந்த வீட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. விசாலமான வீட்டை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். சேமிப்பு, உறவினர் தரும் அழகிய கடன், விலையை முன்னரே உறுதி செய்து விற்பவரிடமே தவணையாகச் செலுத்துதல் ஆகிய வழிகள் திறந்தே உள்ளன. அவை கைகூடும்வரை வாடகை வீட்டில் வாழ்வது குறையன்று. அது பொறுமையின் காலம்.

எனவே கேள்வியை நாம் திருப்பிக் கேட்க வேண்டும். நம் ஜமாஅத்தில் இரண்டு, மூன்று வீடுகள் உடையோர் இருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர், புதுமணத் தம்பதியருக்கு நியாயமான வாடகையில் ஒரு வீட்டை முன்வந்து அளிப்பர்? ஹாரிஸா (ரலி) அவர்களின் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் அருள்வானாக!