வினையோடு ஒட்டிக்கொண்ட 'ஸ்யா'

ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவர்களைத் தடுமாற வைப்பது, வினைச்சொல்லின் வாலில் தொங்கும் 'ஸ்யா'. 'மோயு' என்றால் எதையோ கழுவுகிறேன். 'மோயுஸ்' என்றால் என்னையே கழுவிக்கொள்கிறேன். (உயிரெழுத்துக்குப் பின் 'ஸ்யா' பெரும்பாலும் 'ஸ்' என்று சுருங்கிவிடும்.)

இந்த வால் ஆதியில் வாலாக இருக்கவில்லை. பழைய ரஷ்யத்தில் அது 'தன்னை' என்று பொருள்படும் தனிச்சொல். நோவ்கரத் நகரில் 1951 முதல் தோண்டியெடுக்கப்பட்டு வரும் பூர்ச்சமரப் பட்டைக் கடிதங்களில் (நம் ஓலை மாதிரிதான்!) அது வினையை விட்டு விலகி, சில இடங்களில் வினைக்கு முன்னாலேயே நிற்கிறது. மெல்ல மெல்ல வினையை நெருங்கி, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் முழுதாக ஒட்டிப்போனது. போலிஷிலும் செக்கிலும் இன்றும் அது தனிச்சொல்தான். லமனோசவ் 1757இல் வெளியிட்ட ரஷ்ய இலக்கணம் இவ்வினைகளுக்குத் தனி வகையே கொடுத்தது.

தமிழில் 'கொள்' நடந்த பாதையும் ஏறக்குறைய இதே. 'பெறு, எடு' என்று பொருள் தந்த முழு வினை, துணைவினையாகத் தேய்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டியில் அது இன்னும் தேய்ந்து 'தலையைச் சீவிக்கிட்டான்' என்றாகிவிடும். 'ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க' என்றால் ஒருவரை ஒருவர் அடித்தார்கள். ரஷ்ய 'ஸ்யா'வும் இந்த வேலையைச் செய்யும்: 'அப்னிமாயுத்ஸா', கட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் 'கொள்' போட்டால் மாட்டிக்கொள்வோம். 'படித்துக்கொண்டிருக்கிறான்' என்பதில் 'ஸ்யா'வுக்கு வேலையே இல்லை. மறுபக்கம், பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை ஜோடிகளைப் பாருங்கள். உருட்டினான் 'கத்தீல்', உருண்டான் 'கத்தீல்ஸா'. திருப்பினான் 'பவிர்னூல்', திரும்பினான் 'பவிர்னூல்ஸா'. தமிழ் மெய்யெழுத்தை மாற்றிச் சொல்வதை ரஷ்யம் வால் சேர்த்துச் சொல்கிறது. பந்து உருண்டாலும் பந்தை உருட்டினாலும் ஆங்கிலத்துக்கு ஒரே வினைதான். அதன் வழியாக ரஷ்யம் படிப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. தமிழருக்குத் தமிழ்வழிதான் சுலபம்.

ரஷ்யர்கள் எதிர்த்திசையில் இந்தப் பாலத்தை எப்போதோ கட்டிவிட்டார்கள். பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்-ரஷ்ய அகராதி மாஸ்கோவில் 1960இல் வந்தது. அந்திரோனவின் தமிழ் இலக்கணம் 1969இல் சென்னையிலேயே ஆங்கிலத்தில் அச்சானது.

'ஸ்யா' இல்லாமல் வரவே வராத வினைகளும் உண்டு. அவற்றை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். அதில் ஒன்று 'பயாத்ஸா', பயப்படுதல். நம் 'பயம்' வடமொழியிலிருந்து வந்தது. அந்த வடசொல்லுக்கும் ரஷ்யச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்!