துவட்டலும் துவரனும்: ஒரு கோழி நூடுல்ஸ் வழக்கு

கோழி நூடுல்ஸ் செய்யச் சொல்லித்தரும் தமிழ்க் குறிப்புகளில் 'கிளறி வறுத்தல்' என்றொரு தொடர் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இரும்புச்சட்டியைப் பெருந்தீயில் காயவைத்து, நறுக்கிய கோழியையும் காயையும் வடித்துவைத்த நூடுல்ஸையும் கொஞ்சம் எண்ணெயில் விரைவாகப் புரட்டி இறக்கும் முறைக்குத் தமிழில் பெயரே இல்லையென்று தீர்மானித்து, ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருப்பதால் தமிழிலும் இரண்டு சொல்லை ஒட்டவைத்திருக்கிறார்கள். ஒட்டு நிற்கவில்லை. கேசரியைக் கிளறுகிறோம், அல்வாவைக் கிண்டுகிறோம். தீயைத் தணித்துவைத்து, கரண்டி அடியைத் தொட, இறுகிவருகிற ஒன்றோடு மல்லுக்கட்டும் வேலை அது. வறுப்பது மிளகாயை, ரவையை, உளுந்தை. நூடுல்ஸைக் கிளறினால் கூழ், வறுத்தால் வற்றல். இரண்டும் யாருக்கும் வேண்டாம். இந்தத் தொழிலுக்குத் துவட்டுதல் என்ற வினை தமிழில் இருக்கிறது. துவரன் என்று அந்தத் தொழிலில் பிறந்த பண்டமே இருக்கிறது. இரண்டின் பொருளுக்கும் அடியில் கிடப்பது துவர் என்னும் பழைய வினை என்பது என் கட்சி. கட்சி என்று வந்துவிட்டால் எதிர்க்கட்சியும் உண்டு, அவர்களையும் பார்ப்போம்.

முதலில், அந்த ஆங்கில இணைச்சொல்லுக்கே வயது அதிகமில்லை. டோக்கியோவில் மருத்துவம் படித்த யாங் பூவெய் என்ற சீனப் பெண்மணி 1945இல் அமெரிக்காவில் சீனச் சமையல் பற்றி ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். அவருடைய கணவர் ஜாவ் யுவான்ரென் பேர்பெற்ற மொழியியலாளர். நூலின் ஆங்கிலத்தில் அவருடைய கையும் உண்டு. சீன மூலச்சொல் 'சாவ்'. அதை ஒரே சொல்லில் பெயர்க்க முடியாமல் பெருந்தீ, சிறு கொழுப்பு, ஓயாத புரட்டல், விரைவு, நறுக்கிய பொருள், ஈரச் சேர்மானம் என்று வரிசையாக அடுக்கி விளக்கிவிட்டு, சுருக்கத்துக்காக அந்த இணைச்சொல்லை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆக, நம்மவர்களின் 'கிளறி வறுத்தல்' மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. மூலத்தை விட்டுவிட்டு நகலைப் பார்த்து இன்னொரு நகல் எடுத்திருக்கிறார்கள்.

மூலத்தைத் தொட்டுப் பார்க்கலாம். சாவ் என்பதற்குச் சீனர் இன்று எழுதும் எழுத்தின் இடப்பக்கம் தீ நிற்கிறது. வலப்பக்கம் இருப்பது ஒலியைக் காட்ட வந்த உறுப்பு. அந்த உறுப்புக்குத் தனியே 'சிறிது' என்ற பொருள் இருப்பதால், சிறிது தீ என்று பிரித்துச் சொல்லி மகிழ்வோர் உண்டு. பெருந்தீயில் நடக்கும் காரியத்துக்குச் சிறிது தீ என்று பெயர்க்காரணம் சொல்லும் துணிச்சல் எல்லா மொழியிலும் இருக்கிறது போலும். கிளறும் கை அந்த எழுத்தில் எங்கும் இல்லை. கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்தில் வாழ்ந்த யாங் சியுங், சீனத்தின் வட்டாரச் சொற்களைத் திரட்டிய 'ஃபாங் யென்' என்ற நூலில், தானியத்தைத் தீயால் உலர்த்துவதற்கு ஊருக்கு ஊர் வழங்கிய சொற்களை ஒரே கூட்டமாக நிறுத்துகிறார். சாவ் என்பதன் பழைய வடிவென்று உரைகாரர் காட்டும் சொல் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் ஜியா ஸீசியே எழுதிய வேளாண் நூலில் அதே சொல் முட்டைச் சமையலுக்கு வந்துவிடுகிறது. உலர்த்தல் முந்தியது, எண்ணெய் பிந்தியது. இதைக் கண்டதும் சீனர் நம்மிடம் கற்றார்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் செய்யும் பண்டத்துக்கு 'இழை' என்ற அடை வருவதை வைத்து இடியாப்பத்தைக் கப்பலேற்றி நூடுல்ஸ் ஆக்குவோருக்கு ஒரு செய்தி போதும்: வடமேற்குச் சீனத்தின் லாஜியாவில் கவிழ்ந்து கிடந்த மண்கிண்ணத்துக்கு அடியில் அகப்பட்டதாக 2005இல் அறிவிக்கப்பட்ட நூடுல்ஸுக்கு வயது சுமார் 4000 ஆண்டு.

சொல்லை விட்டு அடுப்புக்கு வந்தாலும் சீன அகராதிக்காரர் சொன்னதே நடக்கிறது. பச்சைக் கோழிக்கறியின் எடையில் ஏறக்குறைய 75 விழுக்காடு தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கோ 140 பாகையை ஒட்டிய சூடு வேண்டும். அதனால்தான் வெறுஞ்சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்துப் பார்க்கிறார்கள்: சொட்டு அங்கேயே கொதித்தால் சூடு போதாது, முத்தாக உருண்டு ஓடினால் எண்ணெய் விடலாம். விரல்கனத்தில் அரிந்து, சோயா சாறும் கொஞ்சம் சோளமாவும் பிசிறிய கோழியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். அரைக்கிலோவையும் ஒரே மூச்சில் கொட்டினால் சட்டி குளிர்ந்து, கறி தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துப்போகும். 'சட்டி அழுகிறது' என்று சொல்லத்தக்க நிலை அது. கோழியின் உள்ளே 74 பாகை எட்டிவிட்டால் போதும். அதற்குமேல் உள்ளீரம் போனால் சக்கை. நூடுல்ஸை ஒரு கொதி குறைவாகவே வடித்து, அகலத் தட்டில் பரப்பி, ஆவி போகும்வரை ஆறவிட்டு, சொட்டு எண்ணெய் புரட்டிவைப்பதும் இதே காரணத்துக்காக. முட்டைக்கோசுக்கு உப்பைக் கடைசியில் போடுவதும் அதற்கே, முன்னால் போட்டால் நீர் விடும். சோயா சாற்றை நடுவில் கொட்டாமல் சட்டியின் விளிம்போரமாக விடுவதும் அது வழிந்து இறங்கும்போதே சுண்டிவிட வேண்டும் என்றுதான். கை ஓயாமல் புரட்டுவது ஈரம் ஓரிடத்தில் தேங்காதிருக்க. புரட்டல் வழி; மேலீரம் போவது காரியம். பெயர் காரியத்துக்கு வைக்கப்பட வேண்டும்.

தமிழின் அடுப்புச் சொற்களில் பெரும்பாலானவை இப்படிக் காரியத்தைச் சொல்பவையே. வதக்குதல் வதங்கச் செய்வது. வெங்காயம் சோர்ந்து விழ வேண்டும், அவ்வளவுதான். கோசுக்கு அது ஆகாது, கோழிக்குப் பொருந்தாது. பொரித்தல் எண்ணெயில் மிதக்கவிடுவது. சுண்டுதல் நீர் குறைவது. பிரட்டல் மட்டும் கையின் அசைவைச் சொல்கிறது. புரட்டலின் பேச்சு வடிவம் அது. ஈழத்திலும் மலேசியாவிலும் கோழிப் பிரட்டல் என்றால் மசாலா இறுகிக் கறியில் ஒட்டிய பதம். அதை நூடுல்ஸுக்கும் நீட்டலாம் என்பார்கள். நீட்டலாம், ஆனால் கிளறலிலிருந்து அது அரையடிதான் தள்ளி நிற்கிறது. வலிமையான போட்டி வறையிடமிருந்து வருகிறது. பொருநராற்றுப்படையில் இருக்கும் சொல். யாழ்ப்பாணத்தில் முருங்கையிலை வறையும் சுறா வறையுமாக இன்றும் உயிரோடிருக்கிறது. வறு, வறள், வறம், வற்று எல்லாம் ஈரமின்மையைக் குறிக்கும் ஒரே குடும்பம் என்பதால் உலர்த்தல் என்ற என் வாதம் வறைக்கே அல்லவா சாதகம்? இல்லை. வறட்சி உள்வரை போவது. வறண்ட குளத்தில் அடிமண்ணும் வெடிக்கும். வறம் என்றால் பஞ்சம். அவித்து உதிர்த்த சுறா பூப்பூவாக உதிரும்வரை ஈரம் போக வேண்டும், அங்கே வறை சரி. நூடுல்ஸில் இழையின் உள்ளே மென்மை நிற்க வேண்டும், மேலே மட்டும் நீர் போக வேண்டும். இந்த மேல்-உள் வேறுபாட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வினை துவர்.

குறிஞ்சிப்பாட்டுக்குப் போக வேண்டும். அருவியில் ஆடிய தலைவியும் தோழியும் கூந்தலைப் பிழிந்து ஈரம் போக்கும் இடத்தில் கபிலர் வைத்திருக்கும் வினை 'துவரி'. அடுத்து அவர்கள் பூப்பறிக்கக் கிளம்பிவிடுவதால், 99 பூக்களின் பட்டியலில் மனம் தொலைத்த வாசகர் யாரும் இந்தச் சொல்லைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கூந்தலைத் துவர்த்தினால் போவது மேலே ஒட்டிய நீர், கூந்தல் சருகாவதில்லை. அதே வினை நாஞ்சில் நாட்டில் உடல் துடைக்கும் துண்டுக்குத் துவர்த்து என்று பெயராக நிற்கிறது; மலையாளத்தில் தோர்த்து. மழை விட்டதை மலையாளத்தார் தோர்ந்தது என்பார்கள். வானம் தலை துவட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். உவ என்பது ஓ ஆவது அங்கே இயல்பு; சுவன்ன என்ற எழுத்துவழக்கு பேச்சில் சோன்ன ஆகிறது. இனி அடுக்களை: குமரிமாவட்டத்தில் பயறும் கோசும் வாழைப்பூவும் பொடியாக அரிந்து, தேங்காய்த் துருவலோடு நீர் வற்றச் செய்யும் தொடுகறி துவரன்; மலையாளத்தில் தோரன். துடைக்கும் துண்டுக்கும் தொடுகறிக்கும் ஒரே வேர். துவரம்பருப்பு சேர்ப்பதால் துவரன் என்ற விளக்கம் இருக்கிறதே என்றால், எந்தத் துவரனில் துவரம்பருப்பு என்று கேட்டுவிட்டு நகரலாம்.

துவர்ப்புச் சுவையிலிருந்து வந்தது என்பாருக்கு அத்தனை சுருக்கமாக விடைகொடுக்க முடியாது. வாழைப்பூத் துவரனில் துவர்ப்பு உண்டுதான், கோசில் ஏது? உறவை அவர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்று கருதுகிறேன். பாக்குப் பிஞ்சையும் கடுக்காயையும் கடித்தால் நாக்கு உலர்கிறது. வாயைத் துவர்த்துவதால் அது துவர்ப்பு. துவர்ப்புள்ள பட்டையும் காயும் துணிக்குச் செங்காவிச் சாயம் ஏற்றுபவை. சம்பந்தர் பதிகந்தோறும் பத்தாம் பாட்டில் சமண பௌத்தர்களைச் சாடும்போது துவராடை கண்ணில் படுகிறது. அங்கிருந்து துவர் என்றால் சிவப்பு, பவளம், பெண்ணின் இதழ் என்று சொல் போய்விட்டது. உலர்வில் தொடங்கிச் சிவப்பில் முடியும் இந்தப் பாதையை ஒப்பாதவர்கள் இரண்டு துவர், மூன்று துவர் என்று எண் போட்டுப் பிரித்துக்கொள்ளட்டும். முதல் துவர் ஒன்றே என் வழக்குக்குப் போதும்.

உண்மையான இடைஞ்சல் துவட்டுதலில் இருக்கிறது. உருள் உருட்டு ஆகிறது, சுருள் சுருட்டு, திரள் திரட்டு, புரள் புரட்டு. அந்த வாய்பாட்டின்படி துவட்டு என்பது துவள் என்பதன் பிறவினை; துவளச் செய்தல், அதாவது வதக்குதல். துவரோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நூடுல்ஸைத் துவட்டினால் துவண்டுதான் போகும் என்று இலக்கணம் தெரிந்தவர் சொல்வார். வாய்பாடு சரியானது. உருவம் துவளிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு இழப்பில்லை. பொருள் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. மழையில் நனைந்து வந்த பிள்ளையைத் தாய் 'தலையைத் துவட்டு' என்கிறாளே, முடியைத் துவளச் செய் என்றா சொல்கிறாள்? நனைந்த முடி ஏற்கெனவே துவண்டுதான் கிடக்கிறது, துவட்டியபின்தான் நிமிர்கிறது. கபிலர் துவரி என்ற இடத்தில் நாம் துவட்டி என்கிறோம். பொருள் மயிரிழையும் மாறவில்லை, எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. துவர்த்து என்ற சொல் வழக்கில் தேய, பக்கத்தில் நின்ற துவட்டு அதன் வேலையை ஏற்றுக்கொண்டது. அடுக்களையிலும் அதே கதை: வாழைக்காய்த் துவட்டல் துவண்டிருந்தால் அதைத் தட்டில் ஒதுக்கிவைப்பார்கள்.

துவட்டலும் துவரனும் காய்கறிக்கு உரியவை, தேங்காய் வேண்டும், கோழிக்கும் சீன நூடுல்ஸுக்கும் எப்படி ஏறும் என்று கேட்கலாம். தேங்காய் பண்டத்தில் இருக்கிறது, வினையில் இல்லை. கேரளத்தில் முட்டையும் தோரனாகிறது, மீனும் ஆகிறது. சோயா சாறு ஈரமாயிற்றே என்பதற்கு யாங் பூவெய் அம்மையாரின் அடுக்கிலேயே விடை உண்டு: ஈரச் சேர்மானத்தோடு பெருந்தீயையும் விரைவையும் அவர் சேர்த்தே சொல்கிறார். இழைமேல் படிந்து உலரும் ஈரம் அது. தட்டின் அடியில் ஓடினால் சமையல் தவறிற்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் மஞ்சள் மீயை மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் டோஃபுவும் சேர்த்துப் புரட்டி உலகறியச் செய்தும், பெயரை மட்டும் மீ கோரெங் என்று மலாயிலேயே விட்டார்கள். ஹொக்கியன் மீ, மலாய் கோரெங், விற்பவர் மாமாக். இந்த மாமாக் நம் மாமாவா, தாய்மாமனை மாமாக் என்றே அழைக்கும் மினாங்கபாவ் மக்களின் சொல்லா என்பது இன்னொரு வழக்கு. மூன்று மொழி கலந்த சட்டியில் தமிழ் வினை ஒன்றும் விழுந்திருந்தால் இன்று 'கிளறி வறுத்தல்' பிறந்திருக்காது. நூடுல்ஸ் என்ற பெயரை அப்படியே விடலாம். ஜெர்மானியரின் நூடல் ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்திருக்கிறது. நூலடை, நூலப்பம் என்றெல்லாம் அதைத் துன்புறுத்துவதில் பயனில்லை.

கோழி நூடுல்ஸ் துவட்டல் என்று எழுதுங்கள். நாஞ்சில் நாட்டார் துவரன் என்று எழுதட்டும், அவர்கள் பக்கமே நியாயம் கூடுதல். துவர்த்து எந்த நூற்றாண்டில் துவட்டிடம் தன் வேலையைக் கொடுத்தது என்று கல்வெட்டைக் காட்டச் சொன்னால் என்னிடம் கல்வெட்டில்லை. ஆனால் குறிஞ்சிப்பாட்டின் கூந்தலிலிருந்தும் சட்டியில் வெடவெடக்கும் நூடுல்ஸிலிருந்தும் போவது ஒரே ஈரம், அதைப் போக்குவது ஒரே வினை என்பதில் எனக்கு ஐயமில்லை. ள் எப்படி நுழைந்தது என்பதை வாய்பாட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.