இரு வண்ண அச்சின் கதை

ஒரே தாளில் இரு வண்ணம் ஏற்றுதல் பார்வைக்கு எளிது, செய்கைக்கு அரிது. வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனியச்சு வேண்டும். தாள் இருமுறை அச்சேற வேண்டும். இரண்டும் இம்மியும் பிசகாது பொருந்த வேண்டும்.

இதற்குச் சான்று நம் அயல்நாட்டிலேயே உண்டு. 1854ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்திய நாலணாத் தபால் முத்திரை வெளிவந்தது. கல்கத்தாவில், நில அளவையாளர் நாயகத்தின் அலுவலகத்திலே, கப்டன் துய்லியரின் மேற்பார்வையில் அது கல்லச்சில் உருவாயிற்று. முதலிற் சிவப்புச் சட்டகம். பின்னர் அதனுள்ளே விக்டோரியா மகாராணியின் நீலத் தலை. சில தாள்கள் ஒருமுறை தலைமாறி இடப்பட்டமையால், மகாராணியார் சட்டகத்துள் கவிழ்ந்து நின்றார். அப்பிழை பல ஆண்டுகள் கழிந்தே முத்திரை சேர்ப்போர் கண்ணிற் பட்டது. அமெரிக்காவிலும் 1918இல், 24 சத முத்திரையில் நீல விமானம் இவ்வாறே கவிழ்ந்தது.

இலங்கையிலும் 1935, 1936ஆம் ஆண்டுகளில் இரு வண்ண முத்திரைகள் வந்தன. 2 சதத்தில் இறப்பர்ப் பால் எடுத்தலும், 3 சதத்தில் சிவனொளிபாத மலையும், 6 சதத்தில் கொழும்புத் துறைமுகமும் இடம்பெற்றன.

இன்று கல்லின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. ஆயினும், அச்சகத்துக்குப் படம் அனுப்புவோர் இரு நிறங்களையும் கலந்துவிடாது, தனித்தனித் தகடாகப் பிரியுமாறு சேமித்தல் வேண்டும். இரண்டிலும் ஒரே பொருத்தக் குறிகளை இடுதலும் வேண்டும்.

கவிழ்ந்த முத்திரையைப் பெருவிலை கொடுத்துப் போற்றுகிறோம். பிசகாது வெளிவந்த எண்ணற்ற தாள்களுக்குப் பின்னே நின்ற, பெயரறியாத தொழிலாளரின் நிதானத்தையும் நாம் போற்றுதல் தகும்.